இளைப்பாறுதலுக்குள் நுழைவது எப்படி? விசுவாசத்துக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

இளைப்பாறுதல் என்ற சொல்லைப் பிரித்தால் இளைப்பு, ஆறுதல் என்று இரண்டாகும். சூடு ஆறுவதற்கும் புண் ஆறுவதற்கும் கோபம் ஆறுவதற்கும் தமிழில் ஒரே வினைதான். சூடு ஆற வேண்டுமானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். புண் ஆற வேண்டுமானால் சொறியாமல் விட வேண்டும். ஆத்துமாவின் இளைப்பு ஆறுவதற்கும் இந்த இரண்டும் வேண்டும். எதை இறக்கி வைப்பது, எதைச் சொறியாமல் விடுவது என்று தெரியாமல்தான் பலர் வருஷக்கணக்கில் திணறுகிறார்கள்.

“வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்” என்ற மத்தேயு 11:28, புதிதாக வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் வசனங்களில் ஒன்று. அது எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த அதிகாரமே, ஓய்வுநாளில் சீஷர்கள் கதிர் கொய்து தின்றதைப் பற்றிய சண்டையோடு தொடங்குகிறது. 23-ஆம் அதிகாரத்தில், சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்மேல் ஏற்றுகிறவர்கள் என்று யூத மதத் தலைவர்களான வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு சாடுகிறார். ஆகவே அந்த அழைப்பு வாழ்க்கைப் பாட்டில் அலுத்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பக்தியிலேயே களைத்துப்போனவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஞானஸ்நானம் எடுத்த சில மாதங்களிலேயே உபவாசம், கூட்டம், பாடற்குழு, வேதவாசிப்பு அட்டவணை என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு, எதையும் முடிக்க முடியவில்லையே என்று கூனிக்குறுகும் புது விசுவாசிக்கு இது நன்றாகவே புரியும்.

இந்த வழிகாட்டியைப் பயன்படுத்த ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பகுதியையும் முதல் நாளே தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் இதுவும் இன்னொரு சுமைதான்.

முதலில், எது களைத்திருக்கிறது என்று பாருங்கள்

எல்லாக் களைப்புக்கும் ஜெபம் ஒன்றே மருந்து என்று நினைப்பது பக்தியைப்போலத் தெரியும். வேதம் அப்படிச் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அவன் தூங்குகிறான். தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டி, சாப்பிடு என்கிறான். மறுபடி தூங்குகிறான், மறுபடி சாப்பிடுகிறான். ஓரேப் மலையில் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்பது அதற்கும் நாற்பது நாள் கழித்து.

ஆகவே நோட்டில் முதல் பக்கத்தில் நான்கு சொற்களை எழுதுங்கள்: உடல், பாரம், குற்றம், நிரூபிப்பு. உடல் என்றால் தூக்கக் குறைவு, நோய், ஓயாத வேலை. பாரம் என்றால் கடன், பிள்ளைகள், வேலை போய்விடுமோ என்ற பயம் போன்ற கையில் இருக்கும் கவலைகள். குற்றம் என்றால் செய்த ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருப்பது. நிரூபிப்பு என்றால் நான் போதுமானவன் என்று தேவனுக்கோ மனுஷருக்கோ எனக்கோ காட்டியே ஆகவேண்டும் என்ற ஓட்டம். ஒரு வாரம், களைத்துப்போன வேளைகளில் எந்தச் சொல்லுக்கு நேரே கோடு போடத் தோன்றுகிறதோ அங்கே போடுங்கள். வாரக் கடைசியில் எந்தச் சொல்லருகே கோடுகள் நெருக்கமாக இருக்கின்றனவோ அதுதான் தொடங்கவேண்டிய இடம். உடல் என்ற சொல்லருகே கோடு நிறைந்திருந்தால், இந்தக் கட்டுரையை மடித்துவைத்துவிட்டு முதலில் இரண்டு வாரம் நேரத்தோடு படுங்கள். நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. பல வாரமாகத் தூக்கமின்மை, எதிலும் ஆசையின்மை, பசியின்மை, வாழவேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் அது மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். அந்தக் கடைசி எண்ணம் வந்தால் நாள் கடத்தாமல் அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, அவரோடு போங்கள். விசுவாசம் குறைவு என்பதால் வருகிற நோயல்ல மனச்சோர்வு. மருந்து சாப்பிடுகிறவர் யாருடைய ஜெபத்தை நம்பியும் தானாக மருந்தை நிறுத்தக்கூடாது. சர்க்கரை நோய்க்காரர் ஜெபமும் பண்ணுவார், மாத்திரையும் போடுவார், இதுவும் அப்படித்தான்.

பிள்ளை என்ற பெயர் முதலில், வேலை பிறகு

இதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. இதை அவசரமாகத் தாண்டுகிறவர்கள் பின்னால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது (மத்தேயு 3:17). அதுவரை மத்தேயுவின் கணக்கில் இயேசு ஓர் அற்புதமும் செய்யவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை, ஒரு சீஷனும் சேரவில்லை. பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பிறகு வந்தது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வாய் திறந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, “நீர் தேவனுடைய குமாரனேயானால்”. கல்லை அப்பமாக்கி உன் பெயரை நிரூபி என்கிறான். இன்றைக்கும் நம்முடைய களைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு ‘ஆனால்’ விகுதியில்தான் இருக்கிறது: நீ நல்ல விசுவாசியானால், நீ நல்ல தாயானால், நீ உண்மையிலேயே மன்னிக்கப்பட்டவனானால்.

ஆதியாகமத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மனுஷன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். அவன் முழுதாய்க் கண்ட முதல் நாள் ஏழாம் நாள், தேவன் ஓய்ந்திருந்த நாள். தேவனுக்கு அது ஏழாவது. மனுஷனுக்கு அதுவே முதலாவது. உழைத்து ஓய்வைச் சம்பாதிப்பவனாக அவன் தொடங்கவில்லை.

எபேசியர் நிருபத்தின் அமைப்பும் இதுதான். ஆறு அதிகாரங்களில் முதல் மூன்றும் தேவன் செய்து முடித்ததைச் சொல்கின்றன. செய், செய்யாதே என்ற கட்டளைகள் நாலாம் அதிகாரத்திலிருந்து குவிகின்றன. முதல் மூன்று அதிகாரங்களில் வாசகரை நோக்கிவரும் ஒரே ஏவல் 2:11, 12-இல் உள்ள “நினைத்துக்கொள்ளுங்கள்”. நிருபத்தை நாலாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதுபோல வாழ்கிறோம், பிறகு மூச்சு வாங்குகிறது என்கிறோம்.

கிறிஸ்துவுக்குள் நான் யார் என்பதைப் பிடித்துக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சி இது. நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், அன்றைய நாள் உங்களுக்குக் கொடுத்த பெயரை எழுதுங்கள். உள்ளது உள்ளபடி எழுதவேண்டும்: “தோற்றவன்”, “யாருக்கும் வேண்டாதவள்”, “பாரமானவன்”. நல்ல பெயரும் எழுதலாம். “கெட்டிக்காரி” என்ற பெயரும் ஒரு நுகம்தான், நாளைக்கும் அதைக் காப்பாற்றியாக வேண்டுமே. வலப்பக்கம், கீழ்க்கண்டவற்றில் அதற்கு எதிர்நிற்கும் ஒரு வசனத்தைத் தேடி, உங்கள் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். தள்ளப்பட்டதாக நினைத்தால் யோவான் 1:12. குற்றவாளி என்று உள்ளம் குத்தினால் ரோமர் 8:1. அநாதைபோல உணர்ந்தால் ரோமர் 8:15. பயனற்றவன் என்று தோன்றினால் எபேசியர் 2:10. கெட்டிக்காரப் பெயருக்கு 1 கொரிந்தியர் 4:7. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். மனதுக்குள் வாசிப்பதை மனமே மறுத்துப் பேசிவிடும். காது கேட்பதை அவ்வளவு சுலபமாக மறுக்காது.

ரோமர் 8:15-இல் வரும் புத்திரசுவிகாரம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். ரோமச் சட்டத்தில் சுவிகாரம் எடுக்கப்பட்டவன் இரண்டாந்தரப் பிள்ளை அல்ல. புதுத் தகப்பனின் பெயரும் சொத்துரிமையும், பெற்ற பிள்ளைக்கு இருப்பதுபோலவே அவனுக்கும் உண்டு. பெரிய குடும்பங்கள் வளர்ந்த ஆண்களையே சுவிகாரம் எடுத்தன. பின்னால் பேரரசன் அகஸ்துவான ஒக்தாவியன்கூட யூலியு சீசரின் உயிலால் சுவிகாரப் பிள்ளையானவன்தான். அந்த ரோம் நகரத்துக்கு எழுதும்போது பவுல் இந்தச் சொல்லை வைக்கிறார். தகப்பன் தன் விருப்பத்தால் கொடுத்த பெயரை, பிள்ளையின் ஒரு கெட்ட நாள் பிடுங்கிவிடாது.

இங்கே என்ன கெட்டுப்போகிறது என்றால், இந்த வசனங்களை மந்திரம்போலத் திரும்பத்திரும்பச் சொல்லி நல்ல உணர்ச்சியை வரவழைக்கப் பார்ப்பது. உணர்ச்சி வராவிட்டால், எனக்கு விசுவாசம் இல்லையோ என்று புதுக் கவலை. உணர்ச்சி பின்னால் வரும், சில நாள் வராமலும் போகும். தகப்பன் வீட்டில் தூங்குகிற பிள்ளை, நான் பிள்ளை என்று உணர்ந்துகொண்டா தூங்குகிறது? இன்னொரு பிழை எதிர்த்திசையில்: பிள்ளை என்ற பெயர் இருக்கிறதே, இனி எப்படி நடந்தாலும் சரி என்பது. எபேசியர் 2:8, 9-ஐ வாசித்துவிட்டு 10-ஐ விட்டுவிடுகிறவர்களுக்கு இது நேரும்.

பாரத்தை வைப்பது: செய்முறை

“உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” (1 பேதுரு 5:7) என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இப்படிச் செய்யுங்கள்.

கவலையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். “எதிர்காலம்” என்பது கவலை அல்ல, அது மூட்டம். “வருகிற பத்தாம் தேதிக்குள் வாடகை கட்டப் பணம் இல்லை” என்பது கவலை. மூட்டத்தை யார் கையிலும் கொடுக்க முடியாது, பொருளைக் கொடுக்கலாம். பெயரில்லாத பயம் எழுதியதும் பாதி சுருங்கிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதன் கீழே, இதில் இன்று என் கையில் இருப்பது என்ன என்று ஒரே ஒரு வேலையை எழுதுங்கள்: வீட்டுக்காரரிடம் பேசுவது, ஒரு விண்ணப்பம் அனுப்புவது. அதற்கும் கீழே, என் கையில் இல்லாதது என்ன என்று எழுதுங்கள்: அவர் என்ன பதில் சொல்வார் என்பது. முதலாவதைச் செய்யுங்கள். இரண்டாவதைத் தேவனிடம் சத்தமாகச் சொல்லுங்கள். பிலிப்பியர் 4:6-இல் விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது; ஆகவே கடைசியில், ஏற்கெனவே கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். அந்தக் கவலையோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வசனம் தருவதாகச் சொல்வது பிரச்சினைக்குத் தீர்வை அல்ல, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்பதை. பதில் வருமுன்னே காவல் வந்துவிடுகிறது.

வைத்த பாரம் ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். புதியவர்கள் இங்கேதான் மனம் உடைகிறார்கள்: சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கவலைப்படுகிறேனே என்று. அப்படியல்ல. திரும்ப வைப்பதும் பயிற்சியின் பங்குதான். ஒரே நாளில் பத்துமுறை வைக்க நேர்ந்தால் பத்துமுறை ஜெபித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் முறையிலிருந்து முழுதாக எழுத வேண்டாம்; “ஆண்டவரே, இதை ஏற்கெனவே உம்மிடம் கொடுத்திருக்கிறேன்” என்று ஒரு வரி போதும்.

அளவும் முக்கியம். யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவைத் தலைக்கு ஓர் ஓமர் அளவு என்று அந்தந்த நாளுக்குச் சேர்க்கச் சொன்னார்கள். நாளைக்கு என்று எடுத்துவைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போனது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், ஏழாம் நாளுக்காக, அது கெடவில்லை. நாளைய பிரச்சினைக்கு இன்றைய பெலன் போதவில்லை என்று அழுகிறோம்; இன்றைக்குக் கொடுக்கப்பட்டது இன்றைக்கு மட்டும் போதுகிற அளவு. “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்ற மத்தேயு 6:34-ஐ நோட்டின் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

நம்புவது என்றால் முறையிடாமல் இருப்பது என்றும் சிலர் நினைக்கிறார்கள். 13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் புகார்: எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்டுக்கொண்டே போகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. புகார் சொல்ல உங்களுக்கு வார்த்தை வராத நாளில் இந்த அச்சில் உங்கள் காரியத்தை ஊற்றுங்கள்: இரண்டு வரி புகார், இரண்டு வரி வேண்டுதல், இரண்டு வரி நம்பிக்கை. கடைசி இரண்டு வரி வரவில்லையா, வராமலே முடியுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

காலை பத்து நிமிடம்

அரைமணி வேண்டாம், பத்து நிமிடம். அரைமணி என்று தீர்மானித்தவர்கள் நாலாம் நாளில் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் வெட்கத்தில் வேதத்தைத் திறக்காமலே இருக்கிறார்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, நேரம் பார்க்கக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாற்காலி, ஒரே மூலை என்றிருப்பது நல்லது; உடம்பு இடத்தைப் பழகிக்கொண்டால் மனமும் சீக்கிரம் அமரும்.

முதல் ஒரு நிமிடம் ஒன்றும் பேசாதீர்கள். மூச்சு சீராகட்டும். கண்மூடினால் தூக்கம் வருகிறவர்கள் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். தூங்கியே போனால், சோர்ந்த பிள்ளை தகப்பன் மடியில் தூங்கிவிட்டது என்று விட்டுவிட்டு அன்றிரவு சீக்கிரம் படுங்கள். அடுத்த நாலு நிமிடம் ஒரு சங்கீதத்தின் சில வசனங்களை இரண்டுமுறை மெல்ல வாசியுங்கள். தொடக்கத்துக்கு 23, 27, 62, 121, 131 ஆகிய ஐந்தையும் சுற்றிச்சுற்றி வாசித்தால் போதும். 131 மூன்றே வசனம்; தாயின் பால் மறந்த குழந்தையைப்போல ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறது. பால்குடிக் குழந்தை தாயிடம் வருவது பாலுக்காக. பால் மறந்த குழந்தை வருவது தாய்க்காக. இந்த வேறுபாட்டை ஒரு வாரம் அசைபோடலாம். மீதி ஐந்து நிமிடத்தில், மனதில் தைத்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதைப்பற்றித் தேவனிடம் பேசுங்கள், பிறகு சும்மா அவர் முன்னால் இருங்கள்.

எண்ணம் ஓடும். எல்லாருக்கும் ஓடும். துரத்திப் பிடிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஓடிய இடம் வேலையோ கடனோ என்றால், அது நோட்டில் எழுதவேண்டிய பாரம். ஒரு சொல் குறித்துவிட்டுத் திரும்புங்கள். திரும்ப ஒரு சிறு ஜெபம் இருந்தால் உதவும். கீழைத் திருச்சபைகளில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் “கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியான என்மேல் இரக்கமாயிரும்” என்பதை, மூச்சை உள்ளிழுக்கும்போது முன்பாதியும் வெளிவிடும்போது பின்பாதியுமாகச் சொல்லலாம்.

வெறுமையாக இருப்பது இந்த அமர்ந்திருத்தலின் நோக்கமல்ல. “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற சங்கீதம் 46:10 பூமி நிலைமாறி, ராஜ்யங்கள் தத்தளிக்கிற சங்கீதத்தின் நடுவே வருகிறது. சத்தம் ஓய்ந்தபிறகு அமர்வது என்று காத்திருந்தால் அமரவே முடியாது.

உள்ளே அரிக்கிறதா?

முதல் வாரத்தில் குற்றம் என்ற சொல்லருகே கோடு நிறையப் போட்டவர்களுக்கு இந்தப் பகுதி. அரிப்பு இரண்டு வகை, இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: இன்னாரிடம் இந்தப் பொய் சொன்னாய், போய்ச் சொல். அதில் செய்யவேண்டிய ஒன்று இருக்கும், செய்தபின் பாரம் இறங்கும். குற்றஞ்சாட்டுகிறவனான சாத்தானுடைய குரல் பொதுவாக இருக்கும்: நீ எப்போதுமே இப்படித்தான். அதில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். முதலாவதற்குக் கீழ்ப்படியுங்கள், இரண்டாவதற்கு ரோமர் 8:1-ஐ வாசித்துக் காட்டுங்கள்.

அறிக்கையிடும்போது பெயர்சொல்லி அறிக்கையிடுங்கள். “நான் செய்த சகல பாவங்களையும்” என்பது சபையோடு சேர்ந்து சொல்ல நன்றாக இருக்கும், தனியறையில் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். 32-ஆம் சங்கீதத்தில், அடக்கிவைத்த நாளெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறான் பாடுகிறவன். அறிக்கையிட்டதும் மன்னிப்பு அதே வசனத்தில் வருகிறது, இடைவெளியே இல்லை. அதே பாவத்துக்காக நாள்தோறும் புதிதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது பணிவுபோலத் தெரிந்தாலும், ஆறும் புண்ணைச் சொறிவதுதான். 1 யோவான் 1:9-ஐ அதன் பக்கத்தில் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். பொருளைத் திருப்பிக்கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது என்று மனுஷரிடம் செய்யவேண்டியது இருந்தால் அதைச் செய்யாமல் இளைப்பாறுதலைத் தேடுவது வீண். உங்களுக்குத் தீங்கு செய்தவர் விஷயம் வேறு: அவரை மன்னிப்பதும், மறுபடி அவர் கைக்கெட்டும் இடத்தில் போய் நிற்பதும் ஒன்றல்ல.

வாரத்தில் ஒரு நாள்

ஐந்தாம் வாரத்தில் இதைச் சேருங்கள். பத்துக் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. ஓய்வுநாளுக்கான காரணம் இரண்டிலும் வெவ்வேறு. யாத்திராகமம் 20, தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்கிறது. உபாகமம் 5, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னைப் புறப்படப்பண்ணினார் என்கிறது. அடிமைக்கு விடுமுறை கிடையாது. ஒரு நாள் வேலையை நிறுத்துவது, நான் யாருக்கும் அடிமையல்ல, நான் இல்லாவிட்டாலும் உலகத்தைத் தாங்குகிறவர் இருக்கிறார் என்று உடம்பாலேயே சொல்வது.

எந்த நாள் என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் ஞாயிறு என்பார்கள், சனிக்கிழமை ஆசரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சபையோடு போங்கள். ஞாயிறு வேலைக்குப் போகவேண்டியவர்கள் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாலு மணி நேரம், இரண்டு வாரம் கழித்து அரைநாள், பிறகு முழுநாள் என்று ஏற்றுங்கள். முந்தின மாலையிலேயே தொடங்கினால் சுலபம். ஆதியாகமம் 1 நாளை “சாயங்காலமும் விடியற்காலமுமாகி” என்றுதான் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நாள் தொடங்குவதே நாம் தூங்கப்போகும்போது.

நிறுத்துவதற்கு மூன்றே மூன்று காரியங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: சம்பளத்துக்கான வேலை, வாங்குவதும் விற்பதும், செய்தியும் சமூக ஊடகமும். பதிலுக்கு ஆராதனை, நல்ல சாப்பாடு, தூக்கம், நடை, நேசிக்கிறவர்களோடு பேச்சு. வீட்டில் ஒருவர் இளைப்பாற இன்னொருவர் சமையலறையிலேயே நின்றால் அது ஓய்வுநாள் அல்ல. கட்டளை மகனையும் மகளையும் வேலைக்காரரையும் மாட்டையும்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறது. முந்தின நாளே பாதிச் சமையலை முடித்து, மீதியைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுதும் ஊழியம் செய்கிறவர்கள், அது உங்களுக்கு வேலைநாள் என்பதை ஒப்புக்கொண்டு வேறு நாள் எடுங்கள். முதல் சில வாரம் சும்மா இருப்பதே எரிச்சலாக இருக்கும். ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று நின்றால் கால் நடுங்கத்தான் செய்யும்.

வறண்ட நாட்களும் கூட இருப்பவர்களும்

ஆறாம் ஏழாம் வாரம்வாக்கில் எல்லாம் சப்பென்று போகும். ஜெபம் கூரையில் முட்டித் திரும்பிவருவதுபோல இருக்கும். நாலாம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியு இந்தச் சலிப்பை நடுப்பகல் பிசாசு என்றே பெயரிட்டு, அப்போது துறவிக்குத் தன் அறையைவிட்டு ஓடத் தோன்றும், ஓடாதே என்று எழுதிவைத்தார். நேரத்தைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். அதே பத்து நிமிடம். சொந்த வார்த்தை வரவில்லையென்றால் பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒரே ஒருவர் போதும்: விசுவாசத்தில் உங்களைவிடச் சில வருஷம் மூத்தவர், உங்கள் ரகசியத்தைக் காக்கிறவர், உடனே புத்திமதி சொல்லாதவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரிடம் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பயமுறுத்தியே கீழ்ப்படிய வைக்கும், கேள்வி கேட்டால் விசுவாசமில்லை என்னும், காணிக்கை கொடுத்தால்தான் ஆசீர்வாதம் என்னும் தலைவர்களிடம் இளைப்பாறுதல் கிடைக்காது. நல்ல போதகர் உங்களைத் தன்னிடம் கட்டிவைக்காமல் இயேசுவிடம் அனுப்புவார்.

இரவு, படுக்குமுன்னும் நடுவிலும்

படுக்குமுன் ஐந்து நிமிடம். இயேசு சபைத் துறவிகளின் அமைப்பைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் வகுத்த வரிசை இதற்கு இன்றும் உதவும்: நன்றி, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம். திரும்பிப் பார்க்கும்போது எங்கே சுமந்தேன், எங்கே இறக்கினேன் என்று மட்டும் பாருங்கள், மதிப்பெண் போடாதீர்கள். பிறகு சங்கீதம் 4:8, “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்”.

நடுராத்திரியில் விழிப்பு வந்து நெஞ்சு படபடத்தால் கைப்பேசியைத் தொடாதீர்கள். தலைமாட்டில் ஒரு காகிதமும் பென்சிலும் வைத்திருங்கள். என்ன கவலை என்று இருட்டிலேயே ஒரு சொல் கிறுக்கிவிட்டு, காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்துவையுங்கள். “இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை” என்று 121-ஆம் சங்கீதம் சொல்கிறது. இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அலை படகில் மோதி நிரம்பும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு 4:38-இல் இருக்கிறது. அந்தக் காட்சியை மெல்ல மனதில் ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் சங்கீதம் வாசித்துவிட்டுக் கண் சொருகியதும் போய்ப் படுங்கள். காலையில் அந்தக் காகிதத்தைத் திருப்பி, கிறுக்கலை வாசிக்க முடிந்தால் நோட்டில் ஒரு வாக்கியமாக எழுதி, இன்று கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரியுங்கள். வாசிக்க முடியாவிட்டால் கிழித்துப் போடுங்கள்.